பரணுக்குப் போன ஆவி

அத்தியாயம் 11

மாடியில், மகள் ஹைடியின் பழைய அறையில் இருந்த வாளி சனிக்கிழமை காலை ஏழு மணிக்கே பேச ஆரம்பித்துவிட்டது. டொக். டொக். டொக்.

மார்லிஸ் கெம்பைனென் அந்தக் கட்டிலில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள். உடம்பில் ஒரு கம்பளிச் சட்டை, அதன் மேல் இன்னொன்று, அதற்கும் மேல் கணவனின் வேட்டைக் கோட்டு. நாலு நாள் கடுங்குளிருக்குப் பிறகு வெளியே வெயில் வந்திருந்தது. லாரியம் ஊரில் மற்ற எல்லோருக்கும் அது நல்ல சேதி. இந்த வீட்டில் வெளியே வெயில் அடித்தால் உள்ளே மழை பெய்யும்.

போன வாரம் ஹைடி போனில் சொன்னதை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். மார்லிஸ் நிச்சயமாக மறக்கவில்லை. மகளும் மருமகன் லூக் டெஷேனும் இரண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு ஊரைவிட்டே போகிறார்கள். கிரீன் பேயில் ஒரு கூரை கான்ட்ராக்டர் லூக்கை வேலைக்குக் கூப்பிட்டிருக்கிறான். இன்று மாலை ஆறு மணிக்குள் பதில் சொல்ல வேண்டும்.

இங்கே லூக்குக்கு வேலை இல்லாமல் போனதற்கு இந்த வாளிதான் காரணம். மூன்று வருடத்துக்கு முன் மாமனார் வீட்டுக் கூரையை அவன்தான் மாற்றிப் போட்டான். அடுத்த குளிர்காலமே ஒழுகியது. அந்த மாமனார், மார்லிஸின் கணவர் ஆர்வோ, வாயைத் திறந்து நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசுகிற ஆள் இல்லை. ஆனால் இந்த ஒரு விஷயத்தைக் கூட்டுறவுக் கடையிலும், தபாலாபீஸ் வரிசையிலும், சர்ச் முடிந்து குடிக்கிற காப்பியிலும் சொல்லி முடித்துவிட்டார். சின்ன ஊரில் கூரைக்காரனுக்கு ஒரு ஒழுகல் போதும். அது சொந்த மாமனார் வீட்டு ஒழுகல் என்றால் ஏணியை மடித்து வைத்துவிட வேண்டியதுதான்.

அன்றிலிருந்து ஹைடி சனிக்கிழமைக் குளியலுக்கு வருவதில்லை. மூன்று குளிர்காலம்.

மார்லிஸ் வாளியைத் தூக்கிக்கொண்டு கீழே இறங்கினாள்.

ஆர்வோ முற்றத்தில் நின்று, இருபதடிக் கம்பின் நுனியில் பலகை வைத்த வாரியால் கூரைப் பனியை இழுத்துக்கொண்டிருந்தார். கூரை ஓரத்தில் பனிக்கட்டி ஓரடி கனத்துக்கு அணை கட்டியிருந்தது. அதிலிருந்து ஆள் தொடை பருமனில் பனி ஈட்டிகள் தொங்கின. போகிற வருகிற சுற்றுலாக்காரர்கள் காரை நிறுத்திப் படம் எடுப்பார்கள். ஆர்வோவுக்கு அதில் கொஞ்சம் பெருமை கூட உண்டு.

"பத்து மணிக்கு வீட்டைப் பரிசோதிக்க ஆள் வருது," என்றாள் மார்லிஸ்.

வாரி நின்றது. "எந்த வீட்டை?"

"நாம குளிர்ல நடுங்கற வீட்டை. மின்சாரக் கம்பெனியில அனுப்பறாங்க. காசு கேக்க மாட்டாங்க, சும்மாதான்."

'சும்மா' என்ற சொல்லைக் கேட்டு ஆர்வோவின் புருவம் கொஞ்சம் இறங்கியது. அவளும் அந்தச் சொல்லைக் கடைசியில்தான் வைத்திருந்தாள்.

"இந்த வீட்டுக்கு என்ன குறைச்சல்? குளிருக்கு மூணு தடவை பரண்ல கண்ணாடிப் பஞ்சு போட்டாச்சு. லாரியத்துலயே தடிமனான பரண் நம்மளது."

"அப்ப நான் ஏன் உன் கோட்டைப் போட்டுக்கிட்டு நிக்கறேன்?"

"உனக்கு ரத்தம் கம்மி."

"இந்த வாளியில இருக்கறதும் என் ரத்தமா?"

"அது அந்தப் பிரெஞ்சுக்காரன் போட்ட கூரை." வாரி மறுபடி ஏறியது. "பன்னெண்டு வருஷமா இந்தக் குடும்பத்துல இருக்கான். இன்னும் 'சானா'ங்கறான்."

ஃபின்லாந்து வம்சத்தார் நிறைந்த இந்த ஊரில் அது பெரிய குற்றம். நிலவறையில் அடுப்பின் மேல் கல்லைக் காயவைத்து, தண்ணீர் ஊற்றி, எழும்புகிற ஆவியில் வேர்க்க உட்காரும் அறைக்கு 'சவுனா' என்று பெயர். 'சவு' என்று வாய் திறக்க வேண்டும். 'சானா' என்கிறவன் வெளியூர்க்காரன். இங்கேயே பிறந்து வளர்ந்திருந்தாலும் வெளியூர்க்காரன்தான்.

பத்து மணிக்கு வந்தவள் முப்பது வயதுப் பெண். டானிகா என்று பேர், பக்கத்து ஊர் கலுமெட்காரி. பூட்ஸைக் கழற்றும்போதே கேட்டாள்: "கீழே சவுனா இருக்கா?"

ஆர்வோ மார்லிஸைப் பார்த்தார். பாஸ்போர்ட்டில் முத்திரை குத்துவது போலத் தலையை ஆட்டினார். "காப்பி குடிக்கிறியா?"

அப்புறம் நடந்த எதுவும் அவருக்குப் பிடிக்கவில்லை.

டானிகா வாசற்கதவைத் திறந்து வைத்து, நிலைச்சட்டத்தில் சிவப்புத் துணித் திரையை இறுக்கிக் கட்டி, திரையின் நடுவில் ஒரு பெரிய மின்விசிறியை மாட்டினாள். விசிறி வீட்டுக் காற்றை வெளியே இழுக்கும். இழுத்த அளவுக்கு எந்த ஓட்டை வழியாகவாவது காற்று உள்ளே வந்தாக வேண்டும். எந்த ஓட்டை என்று பார்ப்பதுதான் வேலை.

விசிறி உறுமியது. ஒரு நிமிஷத்தில் வீடு முழுக்க ஊத ஆரம்பித்தது. ஸ்விட்சுப் பெட்டியிலிருந்து ஊதியது. கூடத்து விளக்கைச் சுற்றி ஊதியது. புகைபோக்கி ஓரத்தில் ஊதியது. குளியலறைக் குழாய் சுவருக்குள் போகிற இடத்தில் மார்லிஸ் கையை வைத்தாள். யாரோ வேண்டுமென்றே ஊதுவது போலிருந்தது.

"எல்லா ஓட்டையையும் ஒண்ணா சேர்த்தா எவ்வளவு வரும்?" என்று கேட்டாள்.

டானிகா கையிலிருந்த மீட்டரைப் பார்த்தாள். "அந்தச் சமையலறை ஜன்னல் இருக்கு இல்ல? அதை முழுசாத் திறந்து வெச்சுட்டு குளிர்காலம் பூரா தூங்கின மாதிரி."

நாற்பத்து நாலு வருடக் குடித்தனத்தில் மார்லிஸ் இவ்வளவு சந்தோஷப்பட்டது குறைவு. "ஆர்வோ, கேட்டியா? ஜன்னல். ரத்தம் இல்ல. ஜன்னல்."

"மேல பஞ்சு இருக்கே," என்றார் ஆர்வோ. "மூணு அடுக்கு."

"பஞ்சு காத்தை நிறுத்தாது மிஸ்டர் கெம்பைனென். தூசியை மட்டும் வடிகட்டும். சூடான காத்து கீழேருந்து ஓட்டை வழியா மேல போய்க்கிட்டேதான் இருக்கும். முதல்ல ஓட்டையை அடைக்கணும். அதுக்கப்புறம் பஞ்சு. நீங்க ஸ்வெட்டர் மேல ஸ்வெட்டரா போட்டிருக்கீங்க. ஒண்ணுக்கும் பட்டன் போடல."

"யோ," என்றார் ஆர்வோ.

இந்த 'யோ'வைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். மூச்சை வெளியே விட்டுச் சொன்னால் அதற்கு 'ஆமாம்' என்று பொருள். மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டே சொன்னால், காதில் விழுந்தது, பேச்சு முடிந்தது, நீ போகலாம் என்று பொருள். ஃபின்லாந்து வம்சத்து ஆண்கள் எல்லோரும் இரண்டாவதைத்தான் அதிகம் புழங்குவார்கள். ஆர்வோ இப்போது சொன்னதும் இழுத்த 'யோ'தான்.

"பரணைப் பாக்கலாமா?"

"அதுக்கு வழி இல்ல," என்றார் ஆர்வோ.

"வழி இல்லையா? உன் அலமாரிக்கு மேல மூடி இருக்கே," என்றாள் மார்லிஸ்.

"ஸ்க்ரூ போட்டு மூடிட்டேன். காத்து போகக்கூடாதுன்னு."

"எப்ப?"

"ரெண்டு வருஷம் இருக்கும்."

டானிகா, "சரி, நிலவறையை முடிச்சுட்டு வரேன்," என்று கீழே போனாள். மார்லிஸும் பின்னால் போனாள். அதற்கும் பின்னால், யாரும் கூப்பிடாமல், ஆர்வோ வந்தார்.

சவுனா அறை சுத்தமாக இருந்தது. தேவதாரு பெஞ்சு, கல்லடுப்பு, சுவரில், குளிக்கும்போது உடம்பில் தட்டிக்கொள்ளும் பிர்ச் மர இலைக் கொத்து. அறையின் உட்கூரை மூலையில் நாலங்குலக் குழாயின் வாய்; அதில் ஒரு சின்னக் கம்பி வலை. டானிகா புகைக்குச்சியை அங்கே பிடித்தாள். புகை மேலே போகாமல் அவள் முகத்திலேயே திரும்பி அடித்தது.

"இது எங்க போகுது?"

"வெளிய," என்றார் ஆர்வோ.

கம்பி வலையின் ஓட்டையிலிருந்து ஏதோ ஒன்று மிதந்து இறங்கி பெஞ்சின் மேல் உட்கார்ந்தது. டானிகா அதை விரலில் எடுத்தாள். மஞ்சள் நிறம். கண்ணாடிப் பஞ்சின் ஒரு துணுக்கு.

"வெளிய பனிதான் பெய்யும்," என்றாள் அவள் மெதுவாக. "பஞ்சு பெய்யாது."

மார்லிஸ் கணவன் பக்கம் திரும்பினாள். அவர் இலைக் கொத்தைச் சரி செய்துகொண்டிருந்தார்.

"ஆர்வோ. இந்தக் குழாய் எங்க போகுது?"

"குளிச்சு முடிச்சதும் கதவைத் திறந்துவிட்டா அத்தனை சூடும் வீணாப் போகுது," என்றார் அவர், கொத்தைப் பார்த்தே. "கரண்டு போட்டு உண்டாக்கின சூடு. வெளிய விட்டா யாருக்கு லாபம்? அக்கம்பக்கத்து அணிலுக்கா? பரணுக்கு விட்டா வீட்டுக்குள்ளயே இருக்கும்னு விட்டேன்."

"எப்ப?"

"கூரை போடறதுக்கு முன்னால. அந்த வருஷ வசந்தத்துல."

சூட்டோடு கூட ஆவியும் போகும் என்பதை மட்டும் அவர் நினைக்கவில்லை. வாங்கின சரக்கை எடைபோட்டுப் பார்த்தவர், அதில் எவ்வளவு தண்ணீர் என்று பார்க்காமல் விட்டுவிட்டார்.

மார்லிஸ் கையை நீட்டினாள். "ஸ்க்ரூ டிரைவர்."

"முட்டி வலிக்குதுங்கறே, ஏணியில ஏறுவியா?"

"ஸ்க்ரூ டிரைவர், ஆர்வோ."

பரண் மூடியைத் திறந்ததும் ஒரு வாடை வந்தது. மூட்டை கட்டிப் போட்ட ஈரத் துணியின் வாடை. டானிகா நெற்றி விளக்கைப் போட்டுக்கொண்டு முன்னால் தவழ்ந்தாள். மார்லிஸ் உத்தரக் கட்டைகளின் மேல் முழங்காலை வைத்து, ஒவ்வொரு அடிக்கும் கணவனின் பெயரை ஒரு தடவை சொல்லிக்கொண்டு தொடர்ந்தாள். எந்தத் தடவையும் அன்பாகச் சொல்லவில்லை.

தலைக்கு மேலே கூரைப் பலகையைத் துளைத்து வந்த ஆணிகள் வரிசை வரிசையாக இருந்தன. ஒவ்வொரு ஆணி முனையிலும் உறைபனி, ஒரு வெள்ளைப் பட்டாணி அளவுக்கு. வெயில் படுகிற தெற்குப் பக்கத்தில் அந்தப் பட்டாணிகள் உருகிக்கொண்டிருந்தன. டொக். டொக். அப்படியே பஞ்சுக்குள், பஞ்சிலிருந்து ஹைடியின் அறைக்குள்.

"மழைத்தண்ணி இல்ல இது," என்றாள் டானிகா. "ஒவ்வொரு சனிக்கிழமையும் உங்க ஆவி இங்க வந்து உறையும். வெயில் வந்தா உருகும். மேல கூரைக்கு ஒரு குறையும் இல்ல. பாருங்க, வேலை அவ்வளவு சுத்தம். யாரு போட்டது?"

"என் மாப்பிள்ளை," என்றாள் மார்லிஸ்.

குழாய் எங்கே முடிகிறது என்று உடனே தெரியவில்லை. அந்த மூலையில் மட்டும் பஞ்சு மலை போலக் குவிந்திருந்தது. மற்ற இடத்தைவிட இரண்டு பங்கு; மற்ற இடத்தைவிடப் புதுசு. டானிகா அதை விலக்கினாள். கறுத்த பஞ்சு. அதன் கீழே குழாயின் வாய். அதற்கு மேலே கறுத்த பலகை.

பலகையை ஒட்டிய கட்டையில் பென்சிலில் ஏதோ எழுதியிருந்தது.

லூக்குக்கு அந்தப் பழக்கம் உண்டு. எந்த வீட்டில் வேலை செய்தாலும், யாரும் பார்க்காத கட்டையில் தேதியும் விவரமும் எழுதி வைப்பான். 'பின்னால வர்ற ஆளுக்கு உதவும்' என்பான். டானிகா விளக்கைத் திருப்பினாள், மார்லிஸ் படித்தாள்.

'அக்டோபர் 14. இங்கே பலகை ஈரம். சவுனா குழாய் பரணிலேயே முடிகிறது. வெளியே விட வேண்டும். ஆர்வோவிடம் சொன்னேன். யோ என்றார். லூ. டெ.'

எழுத்தில் மட்டும் அவன் 'சவுனா' என்று சரியாகத்தான் சொல்லியிருந்தான்.

மார்லிஸ் அதை இரண்டாவது தடவை படித்தாள். 'யோ என்றார்.' பாவம், டெஷேன் வீட்டுப் பையன். மூச்சு எந்தப் பக்கம் போனது என்று அவனுக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்?

அவள் கீழே இறங்கியபோது ஆர்வோ ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றார். முடியெல்லாம் மஞ்சள் பஞ்சும் முழங்காலெல்லாம் தூசியுமாக அவள் அவர் எதிரே நின்றாள்.

"அவன் சொல்லியிருக்கான்."

ஆர்வோ மேலே, திறந்திருந்த மூடியைப் பார்த்தார்.

"கூரை போடும்போதே சொல்லியிருக்கான். நீ மூச்சை இழுத்திருக்கே."

"அவன் சொன்னா எல்லாம் சரியா? அப்ப கூரையே முடியல…"

"சரி. அப்ப உனக்குத் தெரியல. ஸ்க்ரூ போட்டியே, அப்ப?"

ஆர்வோ ஏணியின் படியைக் கட்டைவிரலால் தேய்த்தார்.

"போன வருஷத்துக்கு முந்தின வருஷம் மேல ஏறிப் பாத்தே. ஆணியெல்லாம் பனி. பாத்துட்டு, குழாய் மேல ஒரு மூட்டைப் பஞ்சைக் கொட்டி, மூடியை ஸ்க்ரூ போட்டுட்டு வந்தே. அப்படித்தானே?"

"அதுக்குள்ள எல்லார்கிட்டயும் சொல்லிட்டேனே," என்றார் ஆர்வோ. இதைவிட நீளமான மன்னிப்பை அவரிடமிருந்து இந்த ஊர் கேட்டதில்லை.

டானிகா சத்தமில்லாமல் விசிறியைக் கழற்றி மடித்தாள். வாசலில் பூட்ஸ் போட்டுக்கொண்டு, "குழாயை வெளிய திருப்பற வரைக்கும் சவுனா வேண்டாம்," என்று மட்டும் சொன்னாள். சனிக்கிழமையன்று அந்த வீட்டில் அப்படி ஒரு சொல் சொல்லப்பட்டதே இல்லை. ஆர்வோ அதற்குக்கூட மூச்சை இழுக்கவில்லை.

அவள் போன பிறகு மதியம் முழுக்க இரண்டு பேரும் ஆளுக்கொரு அறையில் இருந்தார்கள். மார்லிஸ் மகளைப் போனில் கூப்பிட்டாள், எடுக்கவில்லை. மூன்று தடவை. நாலு மணிக்கு, வழக்கமாகக் கல்லடுப்பைப் போடுகிற நேரத்தில், ஆர்வோ தன்னை அறியாமல் நிலவறைப் படி வரை போய்த் திரும்பினார். ஐந்து மணிக்கு மார்லிஸ் மறுபடி கூப்பிட்டாள். இந்தத் தடவை லூக் எடுத்தான். அவள் ஒலிபெருக்கியைப் போட்டு, போனை மேசையில் கணவன் முன்னால் வைத்தாள்.

"ஹலோ?" என்றது போன்.

ஆர்வோ போனைப் பார்த்தார். கடித்துவிடும் போலப் பார்த்தார்.

"லூக்," என்றார். பிறகு, "குழாய்."

"எந்தக் குழாய்?"

"நீ சொன்ன குழாய்."

மறுமுனையில் யாரோ அட்டைப்பெட்டியில் டேப் ஒட்டுகிற சத்தம்.

"அதை மாத்தலையா?" என்றான் லூக். குரலில் கோபம்கூட இல்லை. அதைத்தான் மார்லிஸால் தாங்க முடியவில்லை. "நான் ரெண்டு தடவை வந்து கூரையைப் பிரிச்சுப் போட்டேன் ஆர்வோ. காசு வாங்காம, சும்மா. ராத்திரி படுத்துக்கிட்டு எங்க தப்பு பண்ணினேன்னு ஒவ்வொரு ஆணியா யோசிச்சேன். ரெண்டாவது தடவை வந்தப்பவும் கேட்டேன், குழாயை மாத்தியாச்சான்னு. நீங்க 'யோ'ன்னீங்க."

"யோன்னா…" என்று ஆரம்பித்து ஆர்வோ நிறுத்தினார்.

"ஒருத்தன் வாயைத் திறக்க மாட்டான். இன்னொருத்தன் எதையும் ரெண்டாவது தடவை அழுத்திக் கேக்க மாட்டான்," என்றாள் மார்லிஸ். "வீட்டுல இத்தனை ஓட்டை. ஒழுங்கா அடைச்சு வெச்சது உங்க ரெண்டு பேர் வாயைத்தான்."

போனில் இப்போது ஹைடி. "அம்மா, அப்பா எங்ககிட்ட சொல்லி என்ன பிரயோஜனம்? கடையில சொன்னாரு, சர்ச்சுல சொன்னாரு. நாங்க ரெண்டு பேர் தெரிஞ்சுக்கிட்டா லூக்குக்கு இங்க கூரை கெடைக்குமா?"

"ஆறு மணிக்கு என்ன பதில் சொல்லப் போறீங்க?"

"அம்மா, பாதி சாமான் கட்டியாச்சு."

"ஹைடி."

"இன்னிக்கு ஃபயர் ஸ்டேஷன் ஹால்ல ஊருக்கே ஸ்பாகெட்டி சாப்பாடு," என்றாள் ஹைடி. "ஊர்ல பாதி அங்கதான் இருக்கும்." அவ்வளவுதான். போனை வைத்துவிட்டாள்.

ஆர்வோ கோட்டைத் தேடினார். மார்லிஸ் தான் போட்டிருந்ததைக் கழற்றிக் கொடுத்தாள். அவர் போட்டுக்கொண்டு, தொப்பியைக் காது வரை இழுத்துவிட்டு, வெளியே போனார். கார் கிளம்புகிற சத்தம் கேட்டது.

அவள் காப்பிக் கோப்பைகளைக் கழுவினாள். ஜன்னலில் கார் விளக்கு சுவரைத் தாண்டிப் போவதற்காகக் காத்திருந்தாள். அது போகவில்லை. இரண்டாவது கோப்பையும் கழுவியாயிற்று. எட்டிப் பார்த்தாள். வாசலிலேயே கார் நின்றிருந்தது. இன்ஜின் ஓடுகிறது, துடைப்பான் காய்ந்த கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருக்கிறது, உள்ளே ஆர்வோ ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நேராகப் பார்த்து உட்கார்ந்திருக்கிறார்.

ஐந்து இருபத்தைந்து.

மார்லிஸ் வெறும் கம்பளிச் சட்டையோடு பனியில் இறங்கிப் போய், ஓட்டுநர் பக்கத்துக் கதவைத் திறந்தாள்.

"நகரு."

அவர்கள் இரண்டு பேரும் ஒன்றாகப் போகிற காரை மார்லிஸ் ஓட்டியது கிடையாது. ஆர்வோ நகர்ந்தார்.

மூன்றாவது தெரு திரும்பும்போது கேட்டார்: "என்ன சொல்லணும்?"

"மூணு வார்த்தை. 'குழாய் என்னோடது. கூரை நல்லாருக்கு.'"

"அது நாலு வார்த்தை."

"அப்ப ஒண்ணு நான் இனாமாத் தரேன்."

ஃபயர் ஹால் வாசலில் வண்டிகள் நிறைந்திருந்தன. தக்காளிக் குழம்பு வாசனை தெரு வரை வந்தது. கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் காகிதத் தட்டுகளோடு வரிசை நின்றது. கூட்டுறவுக் கடைக்காரர், தபாலாபீஸ்காரி, சர்ச்சில் காப்பி ஊற்றுகிற இரண்டு அக்காமார். விலாசம் தேடிப் போக வேண்டிய எல்லோரும் ஒரே கூரைக்குக் கீழே.

மார்லிஸ் காலியாக இருந்த ஒரே இடத்தில் காரைச் செருகினாள். பக்கத்தில் நின்ற லாரியின் மேல் மூன்று ஏணி கட்டியிருந்தது. கதவில் எழுதியிருந்த பெயரை ஆர்வோ படித்தார்: டெஷேன் கூரை வேலை.

லூக் உள்ளே இருந்தான்.

"திருப்பு வண்டியை," என்றார் ஆர்வோ. "அவன் முன்னாலயா? முடியாது. நாளைக்குச் சர்ச்சுல சொல்லிக்கறேன். மார்லிஸ், திருப்பு."

"யோ," என்றாள் மார்லிஸ்.

மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டு, நன்றாக அவருக்குக் கேட்கும்படி சொன்னாள். பிறகு இன்ஜினை அணைத்து, சாவியை எடுத்துத் தன் சட்டைக்குள் போட்டுக்கொண்டாள்.

டாஷ்போர்டுக் கடிகாரத்தில் ஐந்து முப்பத்தெட்டு. கார் குளிர ஆரம்பித்தது.